ஆளுக்குப் பாதி இங்கிலீசு

அழகுமுத்து இங்கிலீசு படிப்பது என்று முடிவெடுத்தது வெள்ளைக்காரனோடு பேசுவதற்காக அல்ல. வீரம்மாவுக்குப் புரியாமல் பேசுவதற்காக.

வீரம்மா அவனுடைய மனைவி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். பெயரிலேயே வீரத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வருசத்துக்கு முன்னால் அவன் வீட்டுக்கு வந்தாள். அவன் பெயரில் அழகும் முத்தும் இருந்தன. வீரத்துக்கு முன்னால் அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? அன்று முதல் அந்த வீட்டில் பெரட்டு அவள்தான் வைக்கிறாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்து அனுப்புவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். வீட்டில் இருப்பது ஒரே ஆள் என்பதால் கூட்டவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். அனுப்பினால் போதும்.

வம்பு தொடங்கியது மூன்று மாதத்துக்கு முன்னால். தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லாருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். அழகுமுத்துவுக்குச் சீனி இருநூற்று நாற்பது. பக்கத்து வீட்டுப் பத்திநாதனுக்கு இருநூற்றுப் பத்து.

"ஒன்னவிட எனக்கு முப்பது கூட, மச்சான்," என்று அழகுமுத்து வழியெல்லாம் பீற்றிக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பரிசு கொடுக்கிற விசயம் இல்லை என்று விளங்கியது.

வீரம்மாவின் அண்ணனுக்கு மஸ்கெலியாவில் இதே சீனிதான் ஒரு காலை வாங்கியிருந்தது. அதனால் அவள் அழவுமில்லை, அரற்றவுமில்லை. நேராகப் பத்திநாதனின் மனைவி ஐவியிடம் போனாள். இரண்டு பேரும் அரைமணி நேரம் பேசினார்கள். மறுநாள் இரண்டு வீட்டிலும் சீனி டின் மாயமாய்ப் போனது. பிளேன்டீ வந்தது, உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொள்ளச் சீனி வரவில்லை. கோயில் பொங்கல் வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனது. கலியாண வீட்டில் கேசரி வைக்க வந்தவன், அழகுமுத்துவின் இலைக்கு மேல் நீண்டிருந்த வீரம்மாவின் கையைப் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குத் தாவினான்.

அதையெல்லாம் அழகுமுத்து பொறுத்துக்கொண்டான். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. ராகலை டவுனில் பஸ் திரும்புகிற இடத்தில் ஒரு தயிர்க்கடை. காலை எட்டரைக்கு எருமைத் தயிர் மண்சட்டியில் வந்து இறங்கும். கரண்டி போட்டால் கரண்டி நிற்கும். அதன் தலையில், கித்துள் மரத்துப் பதநீரைக் காய்ச்சின பாணியை ஊற்றினால் பாணி அவசரமே படாமல் இறங்கும். மாதம் ஒருமுறை பத்திநாதனின் ஆட்டோவில் இரண்டு பேரும் போய் ஆளுக்கொரு சட்டியை முடித்துவிட்டு வருவது பதினைந்து வருசப் பழக்கம். இந்த மூன்று மாதமாய் அந்தக் கடையை பஸ்ஸில் கடக்கும்போது அழகுமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். மூக்கைத்தான் மூட மறந்துவிடுவான்.

ஒரே ஒரு சட்டி. அது போதும் அவனுக்கு. அதற்குத் திட்டம் போட வேண்டும். திட்டம் போடப் பேச வேண்டும். பேச இடமில்லை என்பதுதான் கஷ்டம்.

பகல் முழுக்க அவன் ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில் நிற்பான். பத்திநாதன் ஆட்டோவில் அலைவான். சந்திப்பது மாலையில், வரிசை வீடுகளான லயத்தின் முன் திண்ணையில். இஸ்தோப்பு என்பார்கள். அங்கே இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு மனைவிகளும் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள். போனில் பேசலாம் என்றால், போன் வீரம்மாவின் மடியில் இருக்கும். அடித்தால் லவுட் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் நீட்டுவாள். சுவரோடு சுவராகப் பேசலாம் என்றால், இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. கட்டினவனுக்குக் கல் பற்றவில்லையோ மனசு பற்றவில்லையோ, மேலே ஒரு முழம் விட்டுவிட்டான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "நூறு" என்பார்கள்.

சிங்களத்திலும் ஒருமுறை முயன்று பார்த்தார்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு பத்திநாதன் மெதுவாக, "கிரி பெனி..." என்று ஆரம்பித்தான். தயிரும் பாணியும் என்று அர்த்தம்.

"எப்பா!" என்றாள் வீரம்மா, கீரையிலிருந்து தலையை எடுக்காமலே.

அது தமிழ் எப்பாவா, வேண்டாம் என்கிற சிங்கள எப்பாவா என்று அழகுமுத்துவுக்குத் தெரியவில்லை. எந்தப் பாஷையாக இருந்தாலும் தயிர் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. அவளுக்கு அவனைவிட நன்றாகச் சிங்களம் வரும் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள், மலைத் தண்ணீர் வந்து விழுகிற தண்ணிப் பீலியில் முகம் கழுவும்போது, குடத்தோடு பெண்கள் வந்து சேர்வதற்குள் அவசர அவசரமாக இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். மிச்சம் இருப்பது இங்கிலீசு.

"எனக்கு அஞ்சாம் வகுப்போட போச்சு, மச்சான்," என்றான் பத்திநாதன்.

"எனக்கும் அதேதான். வீரம்மா எட்டு வரைக்கும் போனவ. ஆனா இங்கிலீசு பாடத்துக்கு வாத்தியாரே வரலியாம். அவளே சொல்லியிருக்கா."

பத்திநாதன் நுவரெலியாவுக்கு வாடகைக்கு ஒரு ஹயர் போனபோது நடைபாதையில் புத்தகம் வாங்கி வந்தான். 'ஆசான் வேண்டாம், இருபத்தொரு நாளில் இங்கிலீசு' என்று அட்டையில் போட்டிருந்தது. இங்கிலீசு வாக்கியம் தமிழ் எழுத்தில், பக்கத்திலேயே அர்த்தம். எழுத்துக்கூட்டத் தெரிந்தவன் இங்கிலீசும் பேசலாம். ஒரே ஒரு குறை. புத்தகம் ஒன்று, ஆள் இரண்டு.

அழகுமுத்து அறிவாளி. புத்தகத்தை நடுவில் பிடித்து இரண்டாகக் கிழித்தான். முன்பாதி தனக்கு, பின்பாதி பத்திநாதனுக்கு. படித்து முடித்த பிறகு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. முன்பாதியில் இருந்தவை முழுக்கக் கேள்விகள். எங்கே, எப்போது, யார், ஏன், என்ன, மணி எத்தனை. பின்பாதியில் இருந்தவை முழுக்கப் பதில்களும் லீவு கேட்கிற கடிதங்களும். இதை அவர்கள் கிழித்த பிறகுதான் கவனித்தார்கள்.

"அதனால என்ன? நான் கேக்குறேன், நீ சொல்லு," என்றான் அழகுமுத்து. "பேச்சுன்னா அவ்வளவுதானே."

வீட்டில் அவன் சொன்ன காரணம் வேறு. "ஸ்டோரு பாக்க வெள்ளக்காரங்க வாறாங்க, வீரம்மா. நாலு வார்த்த தெரிஞ்சா நமக்குத்தான மரியாத."

"நல்லதுங்க. படிங்க," என்றாள் வீரம்மா. அவள் இவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததற்கு அவன் அன்றைக்கே பயந்திருக்க வேண்டும்.

முதல் பாடம், 'ஹவ் ஆர் யூ'. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. அழகுமுத்துவின் வாயைத் தாண்டி வெளியே வரும்போது அது வேறாகிவிட்டது.

"அவ ஆரு? அவ ஆரு? அவ ஆரு?"

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த வீரம்மா மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"எவ?"

"எவளும் இல்ல. இது இங்கிலீசு."

"இங்கிலீசுக்காரியா?"

"ஐயோ, சொகமா இருக்கீங்களான்னு கேக்குறது, வீரம்மா."

"அத ஏன் அவகிட்ட கேக்குறீங்க? இங்க ஒருத்தி இருவத்திரண்டு வருசமா நிக்கிறேன். ஒருநாள் கேட்டிருக்கீங்களா?"

இரண்டாம் நாள் பாடம் இன்னும் மோசம். ஏன் என்று கேட்க 'வை' என்று சொல்ல வேண்டுமாம்.

"வை? வை? வை?"

"எங்க வைக்க?" ரொட்டித் தட்டோடு வீரம்மா.

"நோ! நோ!"

"எங்க நோவுது?"

"ஐ... கோ..."

"ஐயகோவா? அடக் கடவுளே, அவ்வளவு நோவா?"

அவன் வாயைத் திறந்து விளக்குவதற்குள் அவள் சட்டையைத் தூக்கி முதுகு முழுக்கத் தைலத்தைத் தேய்த்துவிட்டாள். அன்றைக்கு அதற்கு மேல் பாடம் நடக்கவில்லை. எரிச்சல் பாடத்தால் வந்ததா தைலத்தால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை.

ஒரு வாரம் ஆனதும் அழகுமுத்துவுக்கு லேசாகத் தலைக்கனம் வந்தது. பாடத்துக்குக் கீழே கொடுத்திருந்த சொற்களைப் படித்துப் படித்து அவன் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்திருந்தான்.

"வீரம்மா, ஒனக்கு ஒன்னு தெரியுமா? லயம்னு சொல்றோமே, அது இங்கிலீசாம். லைன்."

"அப்ப நூத்தம்பது வருசமா நாம இங்கிலீசுலதான் குடியிருக்கமா?"

"பெரட்டும் இங்கிலீசு. பரேட்."

"சரி."

"கண்டாக்கையாவும் இங்கிலீசு. கண்டக்டர்."

"கண்டக்டரா? மலையில நின்னுக்கிட்டு எங்கள வெரட்டுற மனுசன் எந்த பஸ்ஸுல டிக்கட் குடுத்தாரு?"

"கொந்தரப்பும் இங்கிலீசுதான். கொன்ட்ராக்ட்."

வீரம்மா விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப நானுந்தான் காலையில பெரட்டுக்குப் போறேன். கண்டாக்கையாகிட்ட ஏச்சு வாங்குறேன். கொந்தரப்புக் கொழுந்து எடுக்குறேன். பொழுது சாய லயத்துக்கு வாறேன். நாள் முழுக்க இங்கிலீசுதான் பேசுறேன். இதுக்குப் போயி ஒரு புஸ்தகமா?"

"அது தோட்டத்து இங்கிலீசு. நான் படிக்கிறது தொர இங்கிலீசு. அதெல்லாம் ஒன் தலையில ஏறாது."

"ஏறாதுங்க," என்று வீரம்மா ஒத்துக்கொண்டாள். "எனக்கு எங்க ஏறப்போவுது? ரொட்டி கருகுது, போறேன்."

அடுப்படி அந்த நடுச்சுவரை ஒட்டி இருந்தது. மாலை ஆறரைக்கு இந்தப் பக்கம் அழகுமுத்து கத்துவான். அந்தப் பக்கம் பத்திநாதன் கத்துவான். ஒருவன் படிப்பது ஒருவனுக்குக் கேட்காது. தன் சத்தத்திலேயே தன் காது அடைத்துப்போகிற அளவுக்கு இரண்டு பேருக்கும் ஆர்வம். நடுவில் உட்கார்ந்து வீரம்மா ரொட்டி தட்டினாள்.

பத்தாம் நாள் இஸ்தோப்பில் அரங்கேற்றம். மனைவிகள் இரண்டு பேரும் வழக்கம்போல கீரையோடு உட்கார்ந்திருந்தார்கள். அழகுமுத்து தொண்டையைச் செருமினான்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

பத்திநாதன் எழுந்து கைகட்டி நின்றான். லீவுக் கடிதம் படித்துப் படித்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது. "ஐ ஆம் சஃபரிங் ஃப்ரொம் ஃபீவர், சேர்."

"வை?"

"கைன்ட்லி எக்ஸ்கியூஸ் மீ, சேர்."

அழகுமுத்து பெரிய விசயம் விளங்கினவன் போலத் தலையை ஆட்டினான். ஒரு சொல்லும் விளங்கவில்லை.

"என்னாங்க சொல்றாரு அண்ணன்?" என்று கேட்டாள் வீரம்மா.

"நாட்டு நடப்பு."

"நாட்டுக்கு என்னவாம்?"

"கஷ்டந்தானாம்."

ஐவி கீரைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெண்களுக்கு இங்கிலீசு கேட்டால் கூச்சம் வரும் என்று அழகுமுத்து நினைத்துக்கொண்டான்.

ஆனாலும் தயிர் இன்னும் வராத குறை இருந்தது. இரண்டு பாதியிலும் தயிர் என்பதற்கு ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. அந்தப் புத்தகம் எழுதினவன் எருமையைப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. கடைசியில் பத்திநாதனின் பாதியில், லீவுக் கடிதத்துக்கு நடுவில் மெடிசின் என்ற சொல் அகப்பட்டது. தண்ணிப் பீலியில் வைத்து உடன்படிக்கை ஆனது. மெடிசின் என்றால் தயிர். டுமாரோ என்றால் நாளைக்கு. அர்த்தம் தெரிந்து அவர்கள் இரண்டு பேரும் பொதுவில் வைத்திருந்த சொற்கள் அந்த இரண்டும்தான்.

"பொண்டாட்டிமாரு காதுல விழுந்தாலும் மருந்தப் பத்திப் பேசுறோம்னுதான் நெனப்பாங்க, மச்சான்," என்றான் அழகுமுத்து. "சந்தோசப்படுவாங்க." அன்று முதல் இஸ்தோப்பில் இரண்டு பேரும் மாறி மாறி மெடிசின் சொல்லிப் பழகினார்கள்.

உண்மையில் வீரம்மா அந்த நாட்களில் சந்தோசமாக இல்லை. டவுன் ஆஸ்பத்திரியில் மாதம் ஒரு சனிக்கிழமை சீனி கிளினிக். அழகுமுத்து இரண்டு மாதமாக அதற்குப் போகவில்லை. முதல் மாதம் ஸ்டோரில் வேலை என்றான். இரண்டாம் மாதம், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று சொல்லியிருந்தும், விடியக்காலையிலேயே நாலு ரொட்டியைத் தின்றுவிட்டு "ஐயய்யோ, மறந்துட்டேனே" என்றான். அவனுக்கு ஊசியென்றால் பயம். ஊசியைவிட, அந்தக் கருவியில் வரப்போகிற எண்ணுக்குப் பயம். இந்த முறையும் வீரம்மா கெஞ்சிப் பார்த்தாள். ஏசிப் பார்த்தாள். கிளினிக் கொப்பியை, எண் குறிக்கிற அந்தச் சின்ன நோட்டை, அவன் தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தாள். அவன் தலையணையை மாற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. வீரம்மா தேங்காய் திருவ ஐவி வீட்டுக்குப் போயிருந்தாள். அழகுமுத்து தனியாக உட்கார்ந்திருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ லேசாகத் தட்டினார்கள். அவன் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றான்.

"ஹூ இஸ் தேர்?"

 குசுகுசுவென்று பதில் வந்தது. "இட் இஸ் மீ, சேர்."

பத்திநாதன்தான். தொண்டை கட்டியிருக்கிறது. மழையில் ஆட்டோ ஓட்டினால் கட்டாமல் என்ன செய்யும்?

"வாட் டூ யூ வாண்ட்?"

"மெடிசின்."

அழகுமுத்துவின் நாக்கில் தண்ணீர் ஊறியது. "வென்?"

"டுமாரோ. எய்ட் ஓ க்ளாக்."

மணி சொல்கிற பாடம் அவனுடைய பாதியில் இருந்தது. எட்டு மணி. தயிர் வந்து இறங்கும்போது கடை வாசலில் நிற்கச் சரியான நேரம். பத்திநாதன் கெட்டிக்காரன்.

"வேர்?"

"ஒஸ்பிட்டல் கேட்."

அதுவும் சரிதான். ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால்தான் பத்திநாதன் ஆட்டோவை நிறுத்துவான். அங்கேயிருந்து தயிர்க்கடை கூப்பிடு தூரம். அழகுமுத்து சுவரைத் தட்டிக்கொடுத்தான். இங்கிலீசில் கேட்டு இங்கிலீசில் பதில் வாங்கி, ஒரு காரியத்தை முடித்துவிட்டான். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

சட்டித் தயிருக்கு வயிற்றில் இடம் வேண்டும் அல்லவா? அன்று இரவுச் சாப்பாடு வேண்டாம் என்றான். வயிறு சரியில்லை என்று காரணம் சொன்னான். மற்ற நாளாக இருந்தால் வீரம்மா ஊட்டியாவது விட்டிருப்பாள். "சரிங்க, தண்ணியக் குடிச்சிட்டுப் படுங்க," என்று மட்டும் சொன்னாள்.

காலையில் ரொட்டியையும் தொடவில்லை. குளித்தான். கலியாணத்துக்குப் போடுகிற நீலச் சட்டையைப் போட்டான். "சங்கத்து மீட்டிங், டவுன் வரைக்கும் போயிட்டு வாறேன்," என்றான்.

"நல்லபடியா போயிட்டு வாங்க. நானும் ஐவியும் கோயிலுக்குப் போகணும்," என்றாள் வீரம்மா. போகிறவனைக் கூப்பிட்டு நெற்றியில் திருநீறு வேறு பூசிவிட்டாள்.

வழியெல்லாம் நின்று நின்று வந்த பஸ் எட்டுக்கு ஐந்து நிமிசம் இருக்கும்போது அவனை டவுனில் இறக்கிவிட்டது. ஆஸ்பத்திரி கேட்டில் பத்திநாதனின் ஆட்டோ நின்றது. உள்ளே ஆள் இல்லை. அழகுமுத்து கேட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தான். வெறாந்தாவில் நீளமான வாங்குப் பலகையில் பத்திநாதன் உட்கார்ந்திருந்தான். விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான். பக்கத்தில் ஐவி. அவளுக்குப் பக்கத்தில், மடியில் கிளினிக் கொப்பியோடு, வீரம்மா.

"குட் மோர்னிங்," என்றாள் வீரம்மா. "ஹவ் ஆர் யூ?"

அழகுமுத்து வாயைத் திறந்தான். கேள்வி அவனுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. முதல் பக்கத்துக் கேள்வி. பதில் பத்திநாதனின் பாதியில் இருந்தது.

"நான் என்ன செய்ய, மச்சான்?" என்றான் பத்திநாதன் பரிதாபமாக. "காலையில ஆட்டோவ ஸ்டார்ட் பண்றேன், இவங்க ரெண்டு பேரும் பின்னால ஏறி ஒக்காந்து 'ஒஸ்பிட்டல்'ங்கிறாங்க. ஹயர் வந்தா ஓட்டத்தான வேணும்?"

"அப்ப நேத்து... செவுத்துக்கு அந்தப் பக்கம்..."

"ஹூ இஸ் தேர்னு கேட்டீங்க," என்றாள் வீரம்மா. "இட் இஸ் மீன்னு சொன்னேன். நான்தானுங்க நின்னேன். என்னா வேணும்னீங்க, மெடிசின்னேன். இந்தா இங்கதான் குடுக்குறாங்க. ஒரு வார்த்த பொய் சொல்லலீங்க."

"ஒனக்கு எப்படி இங்கிலீசு?"

"ஒங்களுக்கு ஆளுக்குப் பாதிப் புஸ்தகம். எனக்கு இந்தக் காதுல கேள்வி, அந்தக் காதுல பதிலு. தெனமும் ரெண்டு பேரும் கத்துனா, ரொட்டி தட்டுறவளுக்கு ஏறாதா? ரொட்டிக்கே ஏறியிருக்கும்."

"மெடிசின்னா... அது... நாங்க நெசமாவே மருந்தப் பத்தித்தான்..."

"மருந்துன்னா காத தூரம் ஓடுற மனுசன், மெடிசின் மெடிசின்னு ஒதட்ட நக்கிக்கிட்டுச் சொன்னா எனக்குத் தெரியாதாக்கும்?"

அதற்குள் உள்ளேயிருந்து நேர்ஸ் கூப்பிட்டாள். பதினான்காம் நம்பர். "சாப்பிட்டுட்டு வந்தீங்களா?"

"நேத்துப் பகல்லேருந்து பச்சத்தண்ணிதாங்க மிஸ்," என்றாள் வீரம்மா. "அவராத்தான் வேணாம்னுட்டாரு."

"இப்படிச் சொன்னபடி வர்ற ஆள நான் பார்த்ததே இல்ல," என்று நேர்ஸ் அவனை மெச்சினாள். வரிசையில் இருந்தவர்களெல்லாம் நீலச் சட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள். விரலை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

எண் வருவதற்குள் அரை நிமிசம் ஆகும். அந்த அரை நிமிசத்தில் அழகுமுத்து வீரம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொப்பியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். சற்று முன்னால் வாங்கில் உட்கார்ந்து இங்கிலீசு பேசினவளா இவள் என்று இருந்தது.

"அண்ணனுக்குக் கால எடுத்தன்னிக்கி அண்ணிகூட இப்படித்தான் ஒரு வாங்குல ஒக்காந்திருந்தேன்," என்றாள் மெதுவாக. "ஒங்களுக்கு ஒன்னுன்னா அந்த வாங்குல என்னால ஒக்கார முடியாதுங்க. அதான்."

 ஒரு சட்டித் தயிருக்காக இவளை ஏமாற்ற ஒரு பாஷையையே படித்தோமே என்று அழகுமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது.  குத்தாத கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நூற்று முப்பத்தெட்டு. டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, "ஹொந்தாய், ஹொந்தாய்," என்றார். நல்லது என்று அர்த்தம். செய்வதை அப்படியே செய்யச் சொன்னார். செய்தது யார் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீரம்மாவைப் பார்த்துத்தான் சொன்னார். பத்திநாதனுக்கு நூற்று நாற்பத்திரண்டு. "ஒன்னவிட நாலு கொறைவு, மச்சான்," என்று அழகுமுத்து மறுபடியும் பீற்ற ஆரம்பித்தான்.

வெளியே வந்ததும் வீரம்மா நின்றாள். முகம் தெளிந்திருந்தது. "சரி, அந்த மெடிசின் கடை எங்க? காட்டுங்க. நானும் இத்தன வருசமா பாத்ததே இல்ல."

அழகுமுத்துவுக்குக் கால் தரையில் பாவவில்லை. நூற்று முப்பத்தெட்டுக்குப் பரிசு. தானே முன்னால் நடந்தான். தானே வாங்கைத் துடைத்து இடம் பிடித்தான். வீரம்மா சுத்தமான சிங்களத்தில் கடைக்காரரிடம் சொன்னாள். இரண்டு சட்டித் தயிரும் பாணியும் வந்தன. இரண்டு பிளேன்டீயும் வந்தன.

சட்டி இரண்டும் வீரம்மாவுக்கும் ஐவிக்கும் முன்னால் இறங்கின. சீனி போடாத பிளேன்டீ இரண்டும் ஆண்களுக்கு.

"ஐயோ அக்கா, என்னா ருசி!" என்றாள் ஐவி. "பதினஞ்சு வருசமா இத நமக்குத் தெரியாம தின்னுருக்காங்களே."

வீரம்மா கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். அழகுமுத்து கண்ணை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டியில் பாதி இறங்கியது. முக்கால் இறங்கியது. கெஞ்சினால் கேட்கமாட்டாள் என்று தெரியும். அதனால் அவன் தன் படிப்பையெல்லாம் திரட்டி, மரியாதையாக, ஒரே ஒரு சொல்லில் கேட்டான்.

"வென்?"

வாய் நிறையத் தயிரை வைத்துக்கொண்டு வீரம்மா சொன்னாள். "நெவர்."

அழகுமுத்து அந்தச் சொல்லை மனசுக்குள் புரட்டினான். அவனுடைய பாதியில் அது இல்லை. ஆனாலும் அவன் அறிவாளி. தயிர் நிறைந்த வாயால் நவம்பர் என்று சொன்னால் எப்படி வரும்? இப்படித்தான் வரும். அன்றைக்குத் தேதி ஒக்டோபர் இருபத்தைந்து. இன்னும் ஒரே ஒரு வாரம்!

திரும்பும் வழியெல்லாம் வீரம்மாவின் பையை அவனே தூக்கி வந்தான். வீட்டில் கோப்பை கழுவினான். விறகு பிளந்தான். அவள் கேட்காமலேயே "ஹவ் ஆர் யூ?" என்று கேட்டான். வீரம்மாவுக்கே கொஞ்சம் பாவமாகிவிட்டது. ஆனால் எதற்காக இவ்வளவு சந்தோசம் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மாலையில் தண்ணிப் பீலியில் பத்திநாதன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். அழகுமுத்து ஓடிப்போய் அவன் காதில் சொன்னான்.

"மச்சான், வீரம்மா எறங்கி வந்துட்டாடா. நவம்பர்ல எனக்குத் தயிர். அவ வாயாலேயே இங்கிலீசுல சொன்னா. நெவர்னு."

பத்திநாதன் ஈர முகத்தைத் துடைக்காமலேயே நிமிர்ந்தான்.

"மச்சான், நெவர்ங்கிறது எந்தக் கலண்டர்லயும் வராத மாசம்டா."